மாப்பிள்ளையின் சிவப்பு

பீட்ரூட்டை அரைத்தால் தண்ணீர் விடும், துருவினால்தான் பழத்தில் ஒட்டும். அவள் துருவினாள். துருவலை வாழைப்பழத் துண்டுகளின் மேல் தூவி, விரலால் ஒரு புரட்டுப் புரட்டியதும் துண்டுகள் சிவந்தன. விரல்களும் சிவந்தன. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

“ஏம்மா, தட்டெல்லாம் ஆச்சா? உள்ள கூச்சல் தாங்கல” என்றார் பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் கூண்டுக்காரர், கதவுக்கு வெளியிலிருந்து.

“கத்தட்டும் அண்ணே. கத்தினா தொண்டை நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“என் காதும் நல்லா இருக்க வேண்டாமா?”

பதினோரு தட்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொடுத்தாள். பன்னிரண்டாவது தட்டு மேசைமேல் ஈரத்துணிக்கு அடியில் இருந்தது. அவர் எண்ணிப் பார்த்தார். வாரத்தில் ஆறு நாளும் எண்ணுகிறவர்.

“மாப்பிள்ளை தட்டு எங்க?”

“அதை நானே கொண்டு வரேன்.”

“அடேங்கப்பா. இன்னைக்கு மாமியார் வீட்டு உபசாரமா?”

அவள் கைகளை முன்றானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

மிருகக்காட்சிசாலையின் வடகோடியில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் இருந்தது. உள்ளே மரங்கள், கொடிகள், ஒரு செயற்கை ஓடை. குழாய்களிலிருந்து மணிக்கு ஒருமுறை பனிபோல் தண்ணீர் தூவும். பலகையில் ‘மழைக்காடு’ என்று எழுதியிருந்தாலும் வேலை செய்கிறவர்கள் கண்ணாடிக்காடு என்றுதான் சொல்வார்கள். நூற்று நாற்பது பறவைகள். அவற்றுக்குச் சமைப்பது அவள் வேலை. சமைப்பது என்பது அவள் சொல். வேலை ஒப்பந்தத்தில் ‘தீவனத் தயாரிப்பு’ என்று இருந்தது. அந்த வார்த்தையை அவள் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை.

அதற்குமுன் ஒன்பது வருடம் ஒரு மாணவர் விடுதியின் சமையலறையில் இருந்தாள். இங்கே விண்ணப்பம் போட்டபோது ‘அனுபவம்’ என்ற இடத்தில் ‘சமையல்’ என்று எழுதினாள். பணியாளர் உணவகத்துக்குத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்து வந்தாள். முதல்நாள் நடந்தது இது:

“எத்தனை பேருக்கு?”

“நூத்தி நாப்பது.”

“சைவமா, அசைவமா?”

“ரெண்டும் கலந்து. புழு உண்டு.”

அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “உயிரோடயா, வேகவெச்சா?” என்று கேட்டாளாம். அந்தக் கேள்விக்காகவே வேலை கிடைத்தது என்று கூண்டுக்காரர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வருடத்தில் அவள் அந்த வேலையை யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு மேலே கொண்டுபோயிருந்தாள். பப்பாளியை எந்த அலகுக்கு எந்த அளவில் நறுக்குவது என்று அவளுக்குத் தெரியும். திராட்சையைச் சின்னப் பறவைக்கு நாலாகவும் பெரியதற்கு இரண்டாகவும் வெட்டுவாள். முட்டையை அவித்து ஓட்டோடு பொடிப்பாள். பறவைக்கு உப்பு ஆகாது என்பதால் எதிலும் உப்பு கிடையாது. பழக்கதோஷத்தில் வீட்டிலும் பாதிநாள் கிடையாது. அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். “உனக்கு நான் நூத்தி நாப்பத்தி ஒண்ணாவது ஆள். எனக்கும் ஒரு கம்பி போட்டுக் குடுத்துட்டா உட்காந்து திம்பேன்” என்பார்.

அவளுக்குச் சில கொள்கைகள் இருந்தன. நேற்று நறுக்கியதை இன்று வைக்கமாட்டாள். அழுகிய பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை உபயோகிக்கமாட்டாள். கலர்ப்பொடி தொடமாட்டாள். கடைசிக் கொள்கைக்காகத்தான் விடுதி வேலையை விட்டாள். அங்கே ஒப்பந்தக்காரர் இனிப்பில் பொடி கலந்து, இருநூறு மாணவர்களின் நாக்கும் இரண்டு நாள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அவள் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். திரும்பிப் போகவில்லை.

கண்ணாடிக்காட்டுச் சமையலறையின் சுவரில் உணவு அட்டவணை ஒட்டியிருந்தது. மாப்பிள்ளையின் வரிசையில் கடைசியாக ‘நிறப்பொடி, கால் கரண்டி’ என்று போட்டிருந்தது. முதல்நாளே அவள் அதைப் படித்தாள். படித்துவிட்டு அதற்கு மேல் இருந்த வரியோடு நிறுத்திக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு டப்பா வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைத்தாள். இதுவரை எட்டு டப்பா. ஏழு அலமாரியில் இருந்தன. ஒன்று மேசையின் குட்டைக்காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. இது வேறு யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை என்பது கண்ணாடிக்காட்டின் ஒரே ஆண் டானேஜர். கடல் தாண்டிய மழைக்காட்டுப் பறவை. குருவியைவிடச் சற்றுப் பெரிது. உடம்பு முழுக்க ரத்தச் சிவப்பு, சிறகும் வாலும் கறுப்பு, கீழலகின் அடியில் மட்டும் வெள்ளியைத் தேய்த்துவிட்டதுபோல் ஒரு வெளுப்பு. கிளையில் உட்காருவதே நாலு பேர் பார்க்கட்டும் என்பதுபோல் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். அவனோடு வந்த பெண் பறவை பழுப்பு நிறம். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

அவள் வேலைக்கு வந்தபோது மாப்பிள்ளை அப்படித்தான் இருந்தான். அந்த வருடம் இறகு உதிர்ந்து முளைத்தபோது செங்கல் நிறமாக வந்தான். அடுத்த முறை முளைத்தபோது பலமுறை துவைத்த திரைச்சீலை நிறத்துக்கு வந்துவிட்டான். ஆரஞ்சும் இல்லை, மஞ்சளும் இல்லை. அவளும் கவனித்தாள். நமக்கு நரைப்பதுபோல அதற்கும் வயதாகிறது என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டபோது ஒருமுறை கண் அலமாரிப் பக்கம் போனது உண்மை.

செவ்வாய்க்கிழமை மாலை மேனேஜர் வந்தார். நுழைவுச்சீட்டு ஒன்றைக் கண்ணாடிச் சுவரில் வைத்துப் பிடித்தார். சீட்டில் மாப்பிள்ளையின் பழைய படம் அச்சாகியிருந்தது.

“இதைப் பாரு. அதைப் பாரு.”

அவள் இரண்டையும் பார்த்தாள்.

“ரெண்டும் ஒரே பறவைன்னு சொன்னா கைக்குழந்தைகூட நம்பாது. நேத்து ஒருத்தர் என்கிட்ட வந்து, சார், சிவப்புப் பறவை செத்துப்போச்சான்னு துக்கம் விசாரிக்கறார். வியாழக்கிழமை போட்டோக்காரர் வரார். வாசல்ல இருபதடி போர்டு. நிறமெல்லாம் சாப்பாட்டுலேர்ந்துதான் வருதுன்னு டாக்டர் சொல்றாங்க. சாப்பாடு யார் கையில இருக்கு?”

“என் கையிலதான் சார்.”

“அப்ப வியாழக்கிழமைக்குள்ள சிவப்பாகணும். இல்லேன்னா உன்னைப் பாம்பு வீட்டுக்கு மாத்திடுவேன். அங்க சமையல் சுலபம். எலி. நறுக்கக்கூட வேண்டாம்.”

அவளுக்குப் பாம்பு ஆகாது. தோட்டக்குழாய் சுருண்டு கிடந்தாலே சுற்றிக்கொண்டு போவாள். பாம்பு வீட்டைத் தவிர்ப்பதற்காக நுழைவாயிலிலிருந்து ஒட்டகச்சிவிங்கிப் பக்கமாகச் சுற்றித் தினமும் ஆறு நிமிடம் அதிகம் நடந்தாள். அது ஒன்று. இன்னொன்று, இந்தச் சமையலறை அவளுடையது. விடுதியில் இருநூறு தட்டு நிறைத்திருக்கிறாள், ஒருவர்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. இங்கே தட்டை வைத்ததும் நூற்று நாற்பது பேர் பாடுகிறார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் கேட்டாள்.

“நிறம் போனா எப்படித் திரும்ப வரவைக்கறது?”

“பெயிண்ட் அடிக்கணும். எங்க கார் மூணு தடவை அடிச்சாச்சு.”

“பறவைங்க.”

“பறவைக்கு ரெண்டு கோட்டிங் போதும்.”

“கிண்டலை விடுங்க. பீட்ரூட் குடுக்கலாம்னு பாக்கறேன். அது இயற்கைதானே?”

மேசைக்கடியில் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. பக்கத்தில் கற்றுக்கொள்கிறவர் தப்பு செய்யும்போது பிரேக்கை மிதிக்கிற கால் அது. வீட்டில் அவள் எதையாவது துணிந்து சொன்னாலும் அந்தக் கால் தானாக அழுத்தும். அவள் பார்த்தாள். பொருட்படுத்தவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டாவது தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளை தாழ்ந்த கிளைக்கு வந்தான். தட்டை ஒரு கண்ணால் பார்த்தான். தலையைத் திருப்பி மறுகண்ணால் பார்த்தான். ஒரு துண்டை எடுத்து உதறி எறிந்தான். அலகைக் கிளையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டான்.

“வாடா ராஜா. அம்மா உனக்குன்னு பண்ணது” என்றாள்.

அடுத்த துண்டை விழுங்கினான். பிறகு அடுத்தது. எட்டு நிமிடத்தில் தட்டு காலி. அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்ப்பதுபோல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துப் பக்கம் லேசாக ஏறுகிறதோ என்று தோன்றியது. மேகம் விலகியதும் அதுவும் போய்விட்டது. சரி, ஜீரணமாகட்டும் என்று சமையலறைக்குப் போனாள்.

பழம் தின்கிற பறவைக்கு எல்லாம் வேகம். உள்ளே போனது அரை மணியில் வெளியே வந்துவிடும். சமையல்காரிக்கு உள்ளே போவதுதான் தெரியும். வெளியே வருவது கூண்டுக்காரரின் இலாகா.

ஏழே முக்காலுக்குக் கூண்டுக்காரர் பாதையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தலையில் ஏதோ விழுந்தது. அவர் தலையில் முடி இல்லாததால் விழுவது எதுவும் உடனே தெரியும். இருபது வருட வழக்கப்படி கையால் துடைத்தார். கையைப் பார்த்தார். சிவப்பு. முதலில் தன் மண்டைதான் உடைந்துவிட்டது என்று நினைத்து ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்தார். கல்லிலும் சிவப்பு. பக்கத்து இலையில், கைப்பிடியில், தரையில் எல்லாம் சிவப்பு. மேலே பார்த்தார். மாப்பிள்ளை வாலைத் தூக்கினான். இன்னொரு சொட்டு விழுந்தது.

அவர் வாக்கிடாக்கியை எடுத்து, “ரத்தம்! கண்ணாடிக்காட்டுல ரத்தம்!” என்றார். நிர்வாக அலுவலகம் முதல் யானைக் கொட்டில்வரை எல்லோரும் கேட்டார்கள்.

அவள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது வாசலில் கயிறு கட்டியாகிவிட்டது. டாக்டர் வந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான சின்னப்பெண். பை அவளைவிடப் பெரியது. முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, நீளக் குச்சியில் கட்டிய வலையைக் கூண்டுக்காரரிடம் நீட்டினாள்.

“குடல்ல ரத்தக்கசிவு. உடனே பிடிச்சு ஊசி போடணும். தொத்தா இருந்தா நூத்தி நாப்பதையும் தனித்தனியாப் பிரிக்கணும்.”

சமையல்காரி தரையைப் பார்த்தாள். அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும். தன் விரலிலேயே இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“டாக்டரம்மா, நல்லாத்தான் பாடுது பாருங்க.”

“வலியிலகூடக் கத்தும்.”

“இப்பத்தான் தட்டு காலி பண்ணுச்சு. நோயாளி இப்படியா திம்பான்?”

“எல்லாம் சொல்லுவீங்க. கீழ பாருங்க, ரத்தம்.”

“ரத்தம்தானான்னு...”

“பின்ன என்ன, ஜாமா?”

அந்த நேரத்தில் மேனேஜர் வந்து நின்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வலையைப் பற்றி அவளுக்குத் தெரியும். போன வருடம் ஒரு நீலக் குருவிக்குக் கால் நகம் வெட்ட வலை போட்டார்கள். வலைக்குள்ளேயே செத்துப்போனது. அடி ஒன்றும் படவில்லை, பயம்தான். மாப்பிள்ளையின் எடை முப்பது கிராம். அவ்வளவு சின்ன நெஞ்சில் எவ்வளவு பயத்துக்கு இடம் இருக்கும்?

கூண்டுக்காரர் முதல் வீச்சு வீசினார். மாப்பிள்ளை எழும்பி நேரே கண்ணாடியில் மோதினான். தடுமாறி நீர்க்குழாயில் தொற்றிக்கொண்டான். அலகு திறந்திருந்தது. பாட்டு நின்றுவிட்டது. மற்ற பறவைகளும் நிறுத்திவிட்டன. கூண்டுக்காரர் வலையை மறுபடி தூக்கினார்.

அவள் போய்க் குச்சியைப் பிடித்துக்கொண்டாள். பத்து விரலும் எல்லோருக்கும் தெரிந்தன.

“பீட்ரூட்டு” என்றாள். “அது ரத்தம் இல்ல. காலையில நான் குடுத்த பீட்ரூட்டு.”

டாக்டர் பையைத் திறந்து ஒரு சோதனைத் தாளை எடுத்துக் கல்லில் இருந்த சொட்டில் தொட்டாள். காத்திருந்தாள். தாள் நிறம் மாறவில்லை. முகமூடியைக் கழற்றினாள்.

“பீட்ரூட்தான்.”

“அப்ப என் தலையில இருக்கறது?” என்றார் கூண்டுக்காரர்.

“சோப்பு போட்டா போயிடும்ணே.”

“ஏன் பீட்ரூட் குடுத்தீங்க?” டாக்டர் கேட்டாள்.

“சிவப்பாகணும்னு சார் சொன்னார்.”

மேனேஜர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே எதையோ பார்த்தார்.

“சிவப்புக்குத்தான் பொடி இருக்கே. தினம் போடறீங்கல்ல?” என்றாள் டாக்டர்.

அவள் தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். விடுதியில் கற்றுக்கொண்ட தலையாட்டல்.

டாக்டர் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டாள். “ரெண்டு வருஷமாப் பொடி போட்டும் நிறம் ஏறலைன்னா ஈரல்ல ஏதோ கோளாறு. அப்ப எப்படியும் பிடிச்சுத்தான் ஆகணும். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். அண்ணே, அந்த வலை...”

கூண்டுக்காரர் வலைக்குக் கை நீட்டினார். அவள் குச்சியை விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“விடும்மா.”

“போடல” என்றாள்.

“எதைப் போடல?”

“பொடிய. ஒருநாளும் போடல. ஈரலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கோளாறு என்கிட்டதான்.”

மேனேஜர் திரும்பினார். எல்லோருமாகச் சமையலறைக்குப் போனார்கள். அவள் அலமாரியிலிருந்து ஏழு டப்பாவை எடுத்து வைத்தாள். குனிந்து எட்டாவதை எடுத்தாள். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு கேரட் உருண்டு மேனேஜரின் காலருகே போய் நின்றது. எட்டு டப்பாவிலும் மூடியின் காகிதம் பிரியவில்லை.

“கலர்ப்பொடி எந்தச் சாப்பாட்டுலயும் நான் போடமாட்டேன் டாக்டரம்மா. பிள்ளைங்களுக்கே போடல.”

“இது அந்தப் பொடி இல்லம்மா. காட்டுல அது திங்கற பழத்துல இருக்கற சத்துதான் இது. அந்தப் பழம் இல்லாத ஊர்ல பொடியாத்தான் குடுக்க முடியும்.”

“பழத்தை வரவழைங்க. நான் நறுக்கித் தரேன்.”

“வந்து சேரறதுக்குள்ள அழுகிடும்.”

அழுகல் என்றதும் அவள் டப்பாவைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

“இப்பவே போட்டா நாளைக்குள்ள...” என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

“நாளைக்கு எதுவும் ஆகாது சார். முளைச்ச இறகு நம்ம நகம் மாதிரி. என்ன சாப்பிட்டாலும் மாறாது. உதிர்ந்து புதுசா முளைக்கும்போதுதான் ஏறும்” என்றாள் டாக்டர்.

“எப்ப உதிரும்?”

“ஏழு மாசம், எட்டு மாசம்.”

மேனேஜர் கேரட்டைப் பொறுக்கி மேசைமேல் வைத்தார். அது மறுபடி உருண்டது. அவர் மறுபடி பொறுக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“சரி. அடுத்த இறகு முளைக்கற வரைக்கும் பாம்பு வீடு. சிவப்பா முளைச்சா இங்க வந்துடு.”

“சார், இவங்க சொல்லலேன்னா இந்நேரம் வலையிலயே போயிருக்கும்” என்றாள் டாக்டர்.

“சொன்னாங்கன்னுதான் வந்துடுன்னு சொல்றேன்” என்றார் மேனேஜர். கேரட்டோடு போய்விட்டார்.

பிற்பகல் முழுவதும் அவள் கூண்டுக்காரருக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தாள். பப்பாளியை அவர் செங்கல் அளவுக்கு வெட்டினார்.

“இது யாருக்கு அண்ணே, யானைக்கா?”

“பசிச்சா கொத்தித் தின்னட்டும்மா.”

“விருந்தாளியா கொத்தித் திங்கறது? சின்னதா வெட்டுங்க. இன்னும் சின்னதா. உங்க சுண்டுவிரல் நகம் அளவு. இப்ப நகத்தை வெட்டிக்காதீங்க.”

கடைசியாக ஒரு டப்பாவைத் திறந்தாள். காவிச் சிவப்பில் மாவுபோல் இருந்தது. மோந்து பார்த்தாள். தான் ருசி பார்க்காத எதையும் அவள் யாருக்கும் வைத்ததில்லை, புழுவைத் தவிர. நுனிவிரலால் எடுத்து நாக்கில் வைத்தாள்.

“எப்படி இருக்கு?” என்றார் கூண்டுக்காரர்.

“ஒரு ருசியும் இல்ல. இதுக்கா இத்தனை பாடு?”

கால் கரண்டி அளந்து பழத்தில் போட்டு, ஒரு துண்டு விடாமல் படும்படி புரட்டினாள். மாலைத் தட்டை அவளே கொண்டுபோய் வைத்தாள். மாப்பிள்ளை ஐந்து நிமிடம் குழாயிலேயே இருந்தான். பிறகு இறங்கிவந்து சாப்பிட்டான். அவள் சமையலறைச் சாவியைக் கூண்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் வியாழக்கிழமை. அவள் ஏழு மணிக்குப் பாம்பு வீட்டுக்குப் போனாள். அங்கே பதினாலு பாம்புகள் இருந்தன. பொறுப்பாளர், பெரிய பாம்புகளுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் சாப்பாடு என்றும், அடுத்தது ஞாயிற்றுக்கிழமை என்றும் சொன்னார். சமையல் எதுவும் இல்லை. வாசல் பக்கம் இருந்த நாலு தொட்டிகளின் வெளிக்கண்ணாடியைத் துடைத்தாள். மிச்சத்தைப் பொறுப்பாளர் துடைத்தார். பத்தரை மணிக்குப் போட்டோக்காரர் வந்து, போர்டுக்கு ஒரு பச்சைக்கிளியைப் படமெடுத்துக்கொண்டு போனார். மதியம் அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். நாலரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.